ஒரு நெத்தலி மிச்சம்

பிள்ளை,

இன்று காலை எங்கள் கந்தோர்ச் சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஆட்கள் வந்தார்கள். பெரிய அலுமாரியை இழுத்தபோது அதன் முதுகுப் பக்கத்திலிருந்து மட்டை ஒன்று நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தேன். ஈரக் கடதாசி மணம். உடுத்திருந்த சாரத்தில் துடைத்துப் பார்த்தால், மாரி மழைக் காலம் ஒன்றில் தொலைந்துபோன நமது திமிங்கிலம்.

நீலப் பேனையால் நீங்கள் கீறிய அதே திமிங்கிலம். தலையில் தண்ணீர்ப் பூ, சின்னக் கண், சிரிக்கிற வாய். அதற்குக் கீழே நெளிவு நெளிவாக ஒரு வரி. அந்த நாட்களில் அதைக் கடல் என்றுதான் நினைத்திருந்தேன். திமிங்கிலம் மிதக்கத் தண்ணீர் வேண்டுமே, பிள்ளை அவசரத்தில் நாலு அலையைக் கீறிவிட்டது என்று. இன்று அந்த அலை என்னோடு பேசியது. தி. மி. ங். கி. ல. ம். ஒவ்வொன்றாக வாயைத் திறந்து சொன்னேன். ஏணியில் நின்றவர் கீழே பார்த்து, "என்ன நானா, மட்டையோட கதைக்கிறீங்கள்?" என்றார்.

"நான் கதைக்கேல்லை தம்பி, இதுதான் என்னோட கதைக்குது" என்றேன்.

அந்தச் சந்தோசத்தில்தான், பல மாதமாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து வைத்திருந்த இந்தக் கடிதத்தை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. ஒரு வரி முடிவதற்குள் பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிவிடுகிறது. பரவாயில்லை. எனக்கு அவசரம் இல்லை. நீங்களும் இனி எங்கும் அவசரமாகப் போக வேண்டியதில்லை.

பாதித் தலை நரைத்த உங்களை நான் பிள்ளை என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்து விடுவீர்கள். "இந்த ஊரில என்னைப் பிள்ளை எண்டு கூப்பிட மிஞ்சினது நீங்கள் ஒராள்தான் நானா" என்பீர்கள். எங்கள் ஆட்கள் அண்ணனுக்குச் சொல்லும் நானா உங்கள் எல்லாருக்கும் வாயில் பழகிவிட்டது. அதனால் கடிதத்திலும் பிள்ளை என்றே கூப்பிடுகிறேன்.

மூதூர்ப் படகில் கயிறு பிடித்த வேலையை முழங்கால் விடவில்லை என்று நான் நிறுத்திய வருடம், உங்கள் கந்தோரில் தேத்தண்ணி வைக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தேன். கந்தோர் என்றால் வாசலில் வரிசை நிற்கும், முத்திரை குத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே மேட்டில் ஒரு சின்ன வீடு. குசினி ஜன்னலைத் திறந்தால் உள் துறைமுகத்துத் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது போல அசையாமல் கிடந்தது. உள்ளே நீங்கள், தம்பலகாமத்துக் குகன், பாலையூற்று ஜெனிற்றா. மூன்று பேரும் மூன்று கதிரையில் இருந்து மூன்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சில நாட்கள் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"பிள்ளை, இஞ்ச என்னதான் செய்யிறீங்க? ஒரு சாமானும் வெளிய போறதைக் காணல்லையே."

"கம்பியூட்டருக்கு வேலை சொல்லிக் குடுக்கிறம் நானா. அதுக்கு விளங்கிற பாஷையில எழுதிறம்."

"எழுதிறது கஷ்டமா?"

"எழுதிறதும் கஷ்டம்தான். அதை விடக் கஷ்டம், எழுதி முடிக்க எவ்வளவு காலம் வேணும் எண்டு முன்கூட்டிச் சொல்லுறது. எல்லாருக்கும் அதுதான் முதல் கேள்வி."

எனக்குச் சிரிப்பு வந்தது. படகிலும் அதுதான் முதல் கேள்வி. ஏறிக் குந்துவதற்கு முன்னமே, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பார்கள். படகோட்டும் எங்கள் சுக்கானி ஒரு பதிலைத்தான் வைத்திருந்தார். "காத்தும் கடலும் விட்டா மத்தியானம்."

அதைச் சொன்னதும் நீங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள். "திருப்பிச் சொல்லுங்கோ நானா." திருப்பிச் சொன்னேன். "ஜெனிற்றா, கேட்டனீரோ? அந்த மனுசன் காத்தையும் கடலையும் கணக்கில சேத்திருக்கிறார். நாங்கள் மத்தியானத்தை மட்டும் சொல்லிப்போட்டு மாட்டுப்படுறம்."

அடுத்த நாள் நான் குசினியில் நெத்தலி பொரிக்கும்போது வந்து நின்றீர்கள். இதை விடப் பெரிய மீன் எது, அதை விடப் பெரியது எது என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டீர்கள். நெத்தலி, சூடை, பாரை, சுறா என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் என்ன என்று கேட்டதற்குத் திமிங்கிலம் என்றேன். அது மீனில்லை என்று உள்ளேயிருந்து குகன் கத்தினான். "கடல்ல கிடக்கிறதெல்லாம் எனக்கு மீன்தான்" என்று நான் திருப்பிக் கத்தினேன். அன்று பின்னேரம் மட்டை வெட்டி, ஆளுக்கு நாலு படம் கீறிவிட்டீர்கள். திமிங்கிலம் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று.

அந்த விளையாட்டு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு வேலையை நீங்கள் வாசிப்பீர்கள். அதற்கு எவ்வளவு காலம் பிடிக்குமோ அந்த அளவு மீனை எல்லாரும் மட்டையின் முகம் தெரியாமல் கவிழ்த்து வைப்பார்கள். நீங்கள் மேசையில் ஒரு தட்டுத் தட்டியதும் எல்லாரும் சேர்ந்து திருப்புவார்கள். மிகச் சின்ன மீனை வைத்தவரும் மிகப் பெரிய மீனை வைத்தவரும்தான் வாய் திறக்க வேண்டும். ஏன் அப்படி வைத்தாய் என்று சொல்ல வேண்டும். பிறகு மறுபடி கவிழ்ப்பு, மறுபடி தட்டு.

"ஏன் பிள்ளை ஒளிச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஒராள் முதல்ல வாயைத் திறந்தா மற்ற எல்லாற்ற வாயும் அதுக்குப் பின்னால இழுபட்டுப் போகும் நானா. சும்மாதானே நிக்கிறீங்கள், இந்தாங்கோ, நீங்களும் ஒரு மீனைப் போடுங்கோ."

எனக்கு எது வந்தாலும் சுறாவாகத்தான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் சுறாவே போட்டேன். "நானாட கடல்ல வேற மீனே இல்லையோ?" என்று ஜெனிற்றா நக்கல் அடிப்பாள். ஒருமுறை, எழுத்தின் நிறத்தை மாற்றும் வேலைக்கும் சுறா போட்டுவிட்டேன். பெரிய மீன் போட்டவர் காரணம் சொல்ல வேண்டும் என்று மூன்று பேரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். "நிறம் காய வேணுமே" என்றேன். அன்று முழுக்கச் சிரித்தீர்கள்.

திமிங்கிலத்தை மட்டும் யார் போட்டாலும் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். எழும்பிப் பலகையில் எழுதத் தொடங்கிவிடுவீர்கள். "திமிங்கிலத்துக்கு அளவு சொல்ல ஏலாது. வெட்டோணும். வெட்டினாப் பிறகு துண்டுக்கு அளவு சொல்லுவம்." அந்த மட்டை தொலைந்த பிறகு, தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தால் அது திமிங்கிலம் என்று ஆனது.

கந்தளாயிலிருந்து அரிசி ஆலை முதலாளி வந்த நாள் நினைவிருக்கிறதா? எந்த லொறியில் எந்த வயலின் நெல் வருகிறது என்று இருந்த இடத்திலேயே பார்க்கும்படி ஒன்று செய்து தரச் சொன்னார். வேலையைச் சொல்லி முடிக்க முன்னமே திகதி கேட்டார்.

"தங்கச்சி, சுத்தி வளைக்காம ஒரு திகதி சொல்லுங்க."

"முதலாளி, முதல்ல நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ. இந்தப் போகம் உங்கட வயல்ல எத்தினை மூட்டை விளையும்?"

"அதெப்பிடி இப்பயே சொல்ற? குளத்தில தண்ணி திறக்கணும், மழை பார்க்கணும், யானை இறங்காம இருக்கணும்."

"எங்கட வேலையிலயும் யானை இறங்கும் முதலாளி."

அவர் உங்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "உங்கட யானை எந்தப் பக்கத்தால வரும்?"

"அது தெரிஞ்சா வேலி போட்டிருப்பமே."

வயிறு குலுங்கச் சிரித்தார் மனிதர். அப்போது நீங்கள், "கெதியா முடிஞ்சாப் பொங்கல், சுணங்கினாச் சித்திரை வருசம்" என்றீர்கள். அவர் எழும்பி வேட்டியைச் சரிசெய்து, "அப்ப பொங்கலுக்கு எல்லாம் சரி!" என்று கை கூப்பிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள். "ஆக்கள் முதல் சொன்னதைத்தான் காதில போடுவினம். இனிமேல் சுணங்கிறதை முதல்ல சொல்லோணும்."

அந்த ஆலை வேலையில்தான் குகன் இளைத்துப்போனான். அவன் போடுவது பாரை. ஆனால் வேலை சுறா போல இழுக்கும். ஜெனிற்றாவின் பாரை முடிந்து அவள் அடுத்ததுக்குப் போயிருப்பாள், இவன் இன்னும் முதல் பாரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். பையன் சோம்பேறி இல்லை. கண் சிவந்து கிடந்தது. நீங்கள் ஏசவில்லை. அவன் போடும் மீனையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பீர்கள். ஏதோ பிடிபடவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அது பிடிபட்டது சோற்றுக் கோப்பையில். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வரும் வழியில் நல்ல மீன் கண்டு வாங்கி வந்து ஆணம், நீங்கள் குழம்பு என்பது, காய்ச்சினேன். ஆளுக்கு ஒரு முறித் துண்டு. கோப்பை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குகன் அதைப் புரட்டிப் பார்த்தான்.

"நானா, இது என்ன மீன்?"

"பாரை."

"பகிடி விடாதேங்கோ. பாரை எண்டா இவ்வளவுதானே." அவன் காட்டியது தன் உள்ளங்கையை.

தம்பலகாமத்தில் அவன் வளர்ந்தது குளத்து மீனில். கடல் மீன் என்றால் சைக்கிளில் கொண்டு வந்து விற்பவரிடம் வாங்குவதுதான். அவ்வளவு தூரம் சைக்கிள் பெட்டியில் போவது குட்டிப் பாரைகள். அவன் வாழ்நாளில் கண்ட பாரை அதுதான். பாவம், பாரை என்றால் உள்ளங்கை அளவு வேலைதானே என்று நினைத்து, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பாரையைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான். நாங்களோ மனிதன் தோளில் சுமக்கிற பாரை என்று கேட்டிருக்கிறோம்.

ஜெனிற்றா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. கையில் சோற்றோடு அப்படியே இருந்துவிட்டு, "ஐயோ, இவ்வளவு நாளும் நாங்கள் ஒரே கடல்ல நிக்கிறம் எண்டெல்லோ நினைச்சனான்" என்றீர்கள்.

மறுநாள் விடிய எங்களைக் கூட்டிக்கொண்டு மீன் சந்தைக்குப் போனீர்கள். எனக்கு அந்தக் காலை ஒரு கனவு போலத்தான் இருக்கிறது. தரையெல்லாம் தண்ணீர், தண்ணீரில் விளக்குகள், விளக்குக்குக் கீழே வெள்ளி வெள்ளியாய் மீன். ஒவ்வொரு மீனுக்கு முன்னாலும் நின்று, "இதுதான் சூடை, எல்லாரும் பாத்தாச்சோ?" என்றீர்கள். கடைசியில், ஒருவர் நீளத்துக்குக் கிடந்தது ஒரு பாரை. குகன் அதன் கண்ணைப் பார்த்தபடி நின்றான்.

"குகன், உங்கட ஊர்ச் சைக்கிள்காரர் இதை எப்பிடிக் கட்டுவார்?" என்றாள் ஜெனிற்றா.

"இது சைக்கிளைக் கட்டிக்கொண்டு போகும்" என்றான் அவன்.

மீன்காரர் பொறுமை இழந்தார். "வாங்க வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?"

"படிக்க" என்றீர்கள் நீங்கள். பிறகு வெட்கப்பட்டு ஒரு கிலோ சூடை வாங்கினீர்கள்.

கந்தோருக்குத் திரும்பி எல்லா வேலைக்கும் மறுபடி மீன் போட்டோம். பொங்கலுக்கு முடியாது என்று தெரிந்தது. குகன், "அக்கா, கொஞ்சம் பொறுத்துச் சொல்லுவம், எப்பிடியும் பிடிச்சிடலாம்" என்று கெஞ்சினான். நீங்கள் அந்த இடத்திலேயே முதலாளிக்கு ஃபோன் எடுத்தீர்கள். அவர் போட்ட சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. பிறகு சத்தம் குறைந்தது. பிறகு, "சரி தங்கச்சி, இப்ப சொன்னதால இந்தப் போகத்துக்குப் பழைய மாதிரியே ஆள் போட்டுப் பார்த்துக்கொள்றன்" என்று கேட்டது. ஃபோனை வைத்துவிட்டு எங்களிடம் சொன்னீர்கள்: "கெட்ட செய்தியும் மீனும் ஒண்டு. வந்த உடன வெளியில வைச்சிடோணும். ஒளிச்சு வைச்சா மணக்கும்."

அந்த வாரம்தான் எனக்குத் துணிவு வந்தது. மேசையைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளை, எனக்கிட்டயும் ஒரு திமிங்கிலம் கிடக்கு" என்றேன். எழுதப் படிக்கப் பழக வேண்டும் என்று சொன்னேன். பஸ்ஸை நிறத்தால் பிடித்தவன், மருந்தை வடிவத்தால் விழுங்கியவன், கையெழுத்துக்கு விரலை மையில் தோய்த்தவன். என்னைப் பார்த்து, பழகலாம் என்றோ இந்த வயதிலா என்றோ நீங்கள் சொல்லவில்லை. முதலாளியிடம் கேட்பது போலக் கேட்டீர்கள்.

"முடிஞ்சுது எண்டா என்ன நானா? எதைக் கண்டா நீங்கள் முடிஞ்சுது எண்டு சொல்லுவீங்கள்?"

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. யோசித்தேன். "ஒராளுக்கு ஒரு கடிதம் எழுதோணும். ஒருத்தரும் உதவி செய்யக் கூடாது. அந்த ஆள் அதை வாசிச்சு ஒருக்காச் சிரிக்கோணும்."

"ஆருக்கு?"

"ஆருக்கு எழுத, எனக்குக் கடிதம் எழுதிறதுக்கு ஆர் இருக்கா? உங்களுக்குத்தான்."

எல்லாரையும் கூப்பிட்டீர்கள். மேசையில் தட்டினீர்கள். குகன் சுறா. ஜெனிற்றா சுறா. நீங்கள் பாரை. நான் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

"அக்கா, உங்கட பாரை தம்பலகாமத்துப் பாரை" என்றான் குகன். அந்தப் பழிவாங்கலுக்குப் பையன் எவ்வளவு நாள் காத்திருந்தானோ! "ஐஞ்சு வயசில படிச்ச நினைப்பில போட்டிருக்கிறீங்கள்."

நீங்கள் கை இரண்டையும் தூக்கிவிட்டீர்கள். "ஓம், பிழைதான். நானா, இப்ப நீங்கள் சொல்லுங்கோ. ஏன் திமிங்கிலம்?"

கோப்பையில் கையை வைத்தேன். "பயமாக் கிடக்கு பிள்ளை."

"பயமும் ஒரு அளவுதான் நானா. அதையும் எழுதி வைப்பம்."

அன்றே திமிங்கிலத்தை வெட்டினோம். எழுத்துகளைத் தெரிந்துகொள்வது. என் பெயர். நான் வீடு போகும் கிண்ணியா பஸ்ஸின் பலகை. மருந்துச் சரைப் பொட்டலத்தில் எழுதியிருப்பது. ஒரு வரி எழுதுவது. ஒரு பக்கம். கடிதம். இவ்வளவும் துண்டுக் கடதாசியில் சுவர்ப் பலகையில் ஏறியது. ஒவ்வொரு துண்டுக்கும் மீன் போட்டோம், ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தோம். கடைசித் துண்டு, நீங்கள் வாசித்துச் சிரிப்பது. அதற்கு மட்டும் சண்டை வரவில்லை. தட்டினீர்கள், திருப்பினோம், நாலும் நெத்தலி. அந்தக் கந்தோரில் எல்லாரும் ஒரே மீனைப் போட்டது அந்த ஒரு முறைதான். "இது வேலையே இல்லை, சும்மா போடுவம்" என்று சொல்லி ஒரு நெத்தலியைச் சுவரில் கடைசியாகக் குத்தினீர்கள்.

"எப்ப முடியும் பிள்ளை?" என்று கேட்டேன்.

"சுணங்கினா ஹஜ்ஜுப் பெருநாள்." சுணங்குவதைத்தான் முதலில் சொன்னீர்கள். "கெதியா எண்டா நோன்புப் பெருநாள்."

அதற்குப் பிறகு வந்த காலத்தை நினைத்தால் எனக்கு உடம்பு மிதக்கிறது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு குசினி மேசையில் உங்களுக்கு முன்னால் இருப்பேன். ஜன்னலில் தண்ணீர். சில நாள் ஒரு கப்பல், போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல். எனக்கு எழுத்துகள் எல்லாம் கயிறாகவே தெரிந்தன. இது சுருக்கு, இது கொளுவி, இது படகைக் கட்டையில் கட்டும் முடிச்சு. "அப்ப உங்களுக்குப் பாதி வேலை முதலே முடிஞ்சுது" என்றீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. சுறா என்று நான் அழுத என் பெயர் நெத்தலி போல ஓடி வந்தது. நெத்தலி என்று எல்லாரும் சொன்ன பஸ் பலகைதான் ஆளை வாட்டியது. எழுத்தை நான் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். பிறகு நடத்துநர் பையனுக்கு என்னைப் பழகிவிட்டது. "நானா படிச்சு முடிச்சாச்சா, போகலாமா?" என்று மிதிபலகையில் நின்று கேட்பான். பாலத்தில் ஏறும்போது பலகையைப் படித்தவனாக நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன்.

ஒருநாள் நல்ல மிதப்பில், "வாற கிழமை ரெண்டு மடங்கு படிப்பன்" என்று சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். "போன கிழமை ஓடின ஓட்டத்தைத்தான் வாற கிழமைக்குப் போடலாம் நானா. ஆசையைக் கணக்கில போட ஏலாது."

பிறகு ஒரு காலை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கந்தோருக்கு வந்தீர்கள். பையைக் கதிரையில் வைக்கவும் இல்லை. எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு, உடம்பில் என்ன இருக்கிறது, எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்று நின்றபடியே சொன்னீர்கள். ஜெனிற்றா அழத் தொடங்கினாள். "மீன் மாதிரித்தான்" என்றீர்கள், "வைச்சிருந்தா மணக்கும்." பிறகு அந்தச் சிரிப்போடு, "டொக்டர் ஒரு காலம் சொன்னவர். நான் விடேல்லை. சுணங்கினா எவ்வளவு, கெதியா எண்டா எவ்வளவு எண்டு கேட்டனான். அந்த மனுசன் பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தது."

என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்களாகவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "காத்தும் கடலும் விட்டா."

அன்று மத்தியானமும் பாடம் நடந்தது. எனக்கு எழுத்து ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் தண்ணீர். நீங்கள் சுவரைக் காட்டினீர்கள். "நானா, வேலை சுணங்கினா ஆளைக் கூட்டி அவசரப்படுத்த ஏலாது. வேலையைச் சின்னனாக்கலாம். கடிதத்தை ஒரு வரியாக்குவமோ? ஒரு வரியை வாசிச்சும் நான் சிரிப்பன்."

"ஒரு வரியும் தாறன், கடிதமும் தாறன்" என்றேன்.

ஒரு வரி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அதை மடித்துக் கொண்டுவந்தேன். மூன்று மஸ்கோத்து இனிப்புப் பெட்டி மட்டைகளில் எழுதிப் பார்த்துவிட்டு நாலாவதில் எழுதியது. "பிள்ளை நீங்கள் இல்லாமல் தேத்தண்ணி மிஞ்சுது." கண்ணுக்குக் கிட்ட வைத்து வாசித்தீர்கள். வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பிறகு சத்தமாகச் சிரித்தீர்கள். தாதி எட்டிப் பார்த்தார். மட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்தீர்கள்.

"மிச்சம்?"

"வரும் பிள்ளை."

"எப்ப?"

நான் சொல்ல வாய் திறக்க முன்னமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "காத்தும் கடலும் விட்டா" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். சேர்ந்து திருப்பிய மட்டை போல.

நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நடுவில் போய்விட்டீர்கள். சாம்பலைக் கடலில் கரைக்கப் படகில் போனபோது என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பழைய பழக்கத்தில் நான்தான் கயிற்றைப் பிடித்திருந்தேன். குடாவின் நடுவில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். சத்தமே இல்லை. தண்ணீரில் வெளிச்சம் கோடு கோடாக நெளிந்தது, யாரோ எழுதி எழுதி அழிப்பது போல. அன்று என்னால் அதை வாசிக்க முடியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஒரு பக்கம் எழுத வந்திருந்தது, கடிதம் வரவில்லை. நீங்கள் சொன்ன கடைசி நாளும் கடந்தது. இன்னொரு நோன்பும் வந்து போனது. பிள்ளை, உங்கள் கணிப்புப் பிழைத்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் யார் பிழை என்று கேட்டிருக்க மாட்டீர்கள். எந்த மீனைத் தப்பாகப் பார்த்தோம் என்றுதான் கேட்டிருப்பீர்கள். எனக்குத் தெரிகிறது. ஒரு பக்கம் எழுதுவதற்கும் கடிதம் எழுதுவதற்கும் நடுவில் ஒரு சுறா படுத்துக் கிடந்தது. வாசிக்கும் ஆள் இல்லாமல் எழுதுவது என்பது அதன் பெயர். அதை நாங்கள் யாரும் சுவரில் குத்தவில்லை.

இந்தக் கடிதத்தைத் தொடங்கி ஒரு கிழமை போய், அதுவும் இன்று முடிந்தது. திமிங்கிலம் கிடைத்த சந்தோசத்தில் அது எப்படிக் கரைந்தது என்று எனக்கே தெரியாது. இந்த வரி வரைக்கும் ஒருவரும் எனக்கு ஓர் எழுத்துக்கூடச் சொல்லித் தரவில்லை.

பின்னேரம், பெயின்ற் நன்றாகக் காய்ந்த சுவரில் ஜெனிற்றா பலகையைத் திரும்ப மாட்டினாள். இப்போது அவள்தான் மேசையில் தட்டுகிறாள். குகனும் வந்து நின்றான். என் வரிசைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். எழுத்துகள், பெயர், பஸ், மருந்து, வரி, பக்கம். இன்று கடிதமும். கடைசியில் நெத்தலி மட்டும் பலகையில் தனியே நின்றது.

"நானா, இதையும் கழட்டுவமோ? முடிஞ்சுது எண்டு போடுவமோ?" என்று மெல்லக் கேட்டாள் ஜெனிற்றா.

"வேணுமெண்டா எங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. நாங்கள் சிரிக்கிறம்" என்றான் குகன்.

வாசித்துக் காட்டினேன். பாரை வந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி வந்த இடத்தில் குகன் குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போனான். நல்ல பிள்ளைகள். ஆனால் நாம் பேசிக்கொண்டது அதுவல்லவே. வாசித்துச் சிரிக்க வேண்டியவர் நீங்கள்.

நாலு பேரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே மீன். வேலையே இல்லை என்று நீங்கள் சொன்ன மீன். அதுதான் மிச்சம்.

கழற்ற வேண்டாம் என்றேன். பிறகு நானே போய்க் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் பாதி. பாரமே இல்லை. அதற்குக் கீழேயும் நீங்கள் கீறிய அலை இருக்கிறது, அதையும் இப்போது வாசிக்கத் தெரியும். நாளைக்கு மூதூர்ப் படகில் ஒரு நடை போகப்போகிறேன், வேலைக்கு அல்ல, குந்தியிருந்து பார்க்க. இந்தக் கடிதமும் நெத்தலியும் பையில் இருக்கும். தண்ணீரில் வெளிச்சம் நெளியும்போது, இந்த முறை கூட்டி வாசித்துப் பார்ப்பேன்.

வாசலைப் பூட்டும்போது ஜெனிற்றா கேட்டாள். "அப்ப அது எப்ப முடியும் நானா?"

நான் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும், பிள்ளை.